பெர்கமன் மலை உச்சிக்குத் தண்ணீர் எப்படி ஏறியது?

தெற்குவாசல்:

எல்லோருக்கும் வணக்கம். வேலை விஷயமாகத் துருக்கியின் இஸ்மிர் நகரத்துக்குப் போனபோது ஒரு ஞாயிற்றுக்கிழமை ஓய்வாகக் கிடைத்தது. பெர்காமா ஊருக்குப் பஸ் ஏறிவிட்டேன். ஊரை ஒட்டி எழும்பி நிற்கிற மலையின் மேல்தான் பழைய கிரேக்க நகரமான பெர்கமன் இருக்கிறது. மேலே போக இப்போது கேபிள் கார் உண்டு.

ட்ராஜன் கோயிலின் வெள்ளைத் தூண்களையும், அதேனா கோயில் முற்றத்தையும், நூலகம் என்று சொல்கிற இடத்தையும் பார்த்தேன். மேற்குச் சரிவில் இருக்கிற அந்த நாடக அரங்கத்தின் மேல்படியில் நின்றபோது கால் கூசியது உண்மை. பத்தாயிரம் பேர் உட்கார்ந்து பார்த்த இடமாம். அவ்வளவு செங்குத்தாக இறங்குகிறது.

எனக்கு வந்த சந்தேகம் இவை எதைப் பற்றியும் இல்லை. உச்சி கீழே உள்ள ஊரைவிடக் கிட்டத்தட்ட 250 மீட்டர் உயரம். மேலே ஆறு இல்லை, ஓடை இல்லை. கண்ணுக்கு எட்டிய தூரத்தில் ஒரு நீர்த்தேக்கம் தெரிந்தது, ஆனால் அது இந்தக் காலத்து கெஸ்டெல் அணை. வடக்குப் பக்கம் பள்ளத்தாக்கில் நீர்ப்பாலம் ஒன்றின் வளைவுகள் இடிந்து கிடக்கின்றன. அதுவும் உச்சியைவிட மிகவும் தாழ்வு. அப்படியானால் அரண்மனை, கோயில், படைவீரர் குடியிருப்பு என்று இத்தனை பேர் வாழ்ந்த இடத்துக்குக் குடிக்கத் தண்ணீர் எங்கிருந்து வந்தது?

பக்கத்தில் ஒரு குழுவைக் கூட்டிவந்த வழிகாட்டி, "40 கிலோமீட்டருக்கு அப்பாலிருந்து குழாயில் வந்தது" என்று ஒரு வரியில் சொல்லிவிட்டு நகர்ந்துவிட்டார். பம்பு இல்லாத காலத்தில் குழாய்த் தண்ணீர் மலை ஏறுமா? தெரிந்தவர்கள் கொஞ்சம் விளக்கிச் சொல்லுங்கள். ஊர் திரும்பியும் இதே நினைப்பாக இருக்கிறது.

சைக்கிள்காரன்:

மழைத்தண்ணீர்தான் சார். மலை முழுக்கப் பாறையைக் குடைந்து செய்த தொட்டிகள் இருக்கின்றன. அரண்மனைப் பக்கம் நடுவில் ஒரு தூண் நிற்கிற வட்டத் தொட்டியைப் பார்த்திருப்பீர்கள், சுற்றுலா வந்தவர்கள் அதன் மேல் காசு எறிவார்கள். அது மழைநீர்த் தொட்டி. வீடுகளிலும் தனித்தனியாக இருந்தன. மத்தியதரைக்கடல் பக்கத்து மலைக்கோட்டைகள் பெரும்பாலும் அப்படித்தான் பிழைத்தன. குழாய்க் கதையை நான் நம்பவில்லை. கிரேக்கர்கள் கணக்கில் கெட்டிக்காரர்கள்தான், ஆனால் 2200 வருஷத்துக்கு முன்னால் அந்த அழுத்தத்தைத் தாங்குகிற குழாயை எதால் செய்வது?

பழைய ஏஇ:

சைக்கிள்காரன் தம்பி சொன்னதில் பாதி சரி. மீதிப் பாதியைப் பேசத்தான் எனக்கு ஆசை. வேலைக்காலம் முழுக்கக் குடிநீர்த் திட்டங்களில் ஓடியவன் நான். மலை மேல் இருக்கிற ஊர்களுக்குத் தண்ணீர் ஏற்றுவது என்றால் என்ன பாடு என்று தெரியும். பெர்கமன் குழாய் உண்மைதான். என்னைக் கேட்டால் அந்த மலையில் மனிதர்கள் செய்த வேலைகளிலேயே அதுதான் பெரிய வேலை. அரங்கத்தையும் பலிபீடத்தையும் எல்லோரும் படம் பிடிக்கிறார்கள், இதை யாரும் காட்டுவதுகூட இல்லை என்பதில் எனக்கு வருத்தம் உண்டு. அதனால் கொஞ்சம் நீளமாக எழுதுகிறேன்.

முதலில் மழைநீர். பெர்கமன் தொடக்கத்தில் ஒரு காவல் கோட்டை, அவ்வளவுதான். அலெக்சாண்டரின் தளபதிகளில் ஒருவரான லைசிமாக்கஸ் தன் வெள்ளியில் 9000 தாலந்தை (தாலந்து அந்தக் காலத்து எடை அளவு) அங்கே பத்திரமாக வைத்து, பிலெடைரோஸ் என்பவரைக் காவலுக்கு நிறுத்தினார். கி.மு. 282 வாக்கில் பிலெடைரோஸ் எஜமானரை விட்டு விலகி, அந்தப் பணத்தோடு தனியாக ஆளத் தொடங்கினார். அட்டாலிட் வம்சம் அப்படித்தான் பிறந்தது. ஒரு காவல்படைக்குப் பாறைத்தொட்டி போதும். அவர் வழியில் வந்த இரண்டாம் யூமெனெஸ் கி.மு. 197இல் பட்டத்துக்கு வந்தார். கி.மு. 188இல் ரோமர்கள் அபாமேயா உடன்படிக்கையில் சிறிய ஆசியாவின், அதாவது இன்றைய துருக்கிப் பக்கத்து நிலத்தின், பெரும்பகுதியை அவர் கையில் கொடுத்தார்கள். அதற்கப்புறம் நகரம் மலைச்சரிவில் கீழே கீழே இறங்கி வளர்ந்தது. மூன்று அடுக்கு உடற்பயிற்சிக்கூடம், கீழ்ச் சந்தை, புதுக் கோட்டைச்சுவர் எல்லாம் வந்தன. இவ்வளவு பேருக்கு மழையை மட்டும் நம்பி நகரம் நடத்த முடியாது. கோடையில் அங்கே மாதக்கணக்கில் மழையே இருக்காது.

அப்போதுதான் வடக்கே மத்ரா மலையில் ஊற்றுகளைப் பிடித்தார்கள். ஊற்றுகள் கடல் மட்டத்திலிருந்து ஆயிரம் மீட்டருக்கு மேல். அங்கிருந்து 40 கிலோமீட்டருக்கும் மேலாகச் சுட்ட மண்குழாய், அதுவும் ஒன்றல்ல, பக்கத்தில் பக்கத்தில் மூன்று வரிசை. மலைச்சரிவை ஒட்டி வளைந்து வளைந்து, மெல்லிய இறக்கத்தில் கொண்டு வந்தார்கள். இதில் அழுத்தம் பெரிதாக வராது, மண்குழாய் தாங்கும். ஆனால் 40 கிலோமீட்டருக்கு அந்த இறக்கம் கெடாமல் மட்டம் எடுத்திருக்கிறார்களே, அந்த சர்வே ஒன்றுக்கே நான் தலை வணங்குவேன்.

மூன்று வரிசையும் வந்து சேர்ந்த இடம், கோட்டைக்கு வடக்கே ஹாகியோஸ் கியோர்கியோஸ் என்று பெயருள்ள இன்னொரு மலை. அங்கே ஒரு தொட்டி. இந்தத் தொட்டி கோட்டை உச்சியைவிடச் சில பத்து மீட்டர் உயரத்தில் இருக்கிறது. இதை மனதில் வையுங்கள், மொத்த விடையும் இதில்தான் இருக்கிறது. தொட்டிக்கும் கோட்டைக்கும் நடுவில் சுமார் 3 கிலோமீட்டர் தூரம், ஆழமான பள்ளத்தாக்கு. நடுவில் ஒரு மேடும் உண்டு, ஆகவே தாழ்வு ஒன்றல்ல, இரண்டு.

கட்டட வேலையில் கொத்தனார் ஒரு நீள டியூபில் தண்ணீர் ஊற்றி, இந்தச் சுவருக்கும் அந்தச் சுவருக்கும் மட்டம் பார்ப்பதை எல்லோரும் பார்த்திருப்போம். டியூப் நடுவில் தரையில் புரண்டு கிடந்தாலும் இரண்டு முனையிலும் தண்ணீர் ஒரே மட்டத்தில் நிற்கும். பெர்கமனில் நடந்தது அதே சங்கதி, 3 கிலோமீட்டர் நீளத்தில். தொட்டியில் தண்ணீர் உயரமாக நிற்கிறது. மூடிய குழாயில் பள்ளத்தில் இறங்குகிறது, மறுபக்கம் ஏறுகிறது. கோட்டை சற்றுத் தாழ்வு என்பதால் அங்கே போய் வெளியே கொட்டுகிறது. அந்தச் சில பத்து மீட்டர் வித்தியாசம்தான் குழாய்க்குள் ஏற்படும் உராய்வை ஈடுகட்டித் தண்ணீரைத் தள்ளுகிறது. பம்பு தேவையே இல்லை.

விஷயம் எளிதாகத் தெரியும். ஆனால் பள்ளத்தின் அடியில் குழாய்க்குள் நிற்கிற தண்ணீரின் உயரம் சுமார் 190 மீட்டர். எங்கள் கணக்கில் 19 கிலோ பிரஷர், அதாவது ஒரு சதுர சென்டிமீட்டருக்கு 19 கிலோ அழுத்தம். நம் வீட்டுப் பக்கம் தோட்டத்துக்குப் போடுகிற பிவிசி குழாய் 4 கிலோ, 6 கிலோ. 10 கிலோ குழாய் என்றாலே கனமானது என்போம். 19 கிலோவுக்கு இன்றைக்கு எஸ்டிமேட் போட்டாலும் வார்ப்பிரும்பு அல்லது எஃகு என்றுதான் எழுதுவோம்.

எனவே இந்த 3 கிலோமீட்டருக்கு மட்டும் அவர்கள் மண்ணை விட்டுவிட்டு உலோகத்துக்கு மாறினார்கள். உலோகக் குழாய் இன்று ஒரு துண்டுகூட இல்லை. இருப்பது அதைப் பிடித்து வைத்த கற்கள். வட்டமாகத் துளை போட்ட கற்பலகைகளை வரிசையாக மண்ணில் நட்டு, அவற்றின் துளை வழியே குழாயை ஓட்டியிருக்கிறார்கள். துளையின் அகலம் 30 சென்டிமீட்டர் அளவு. கிரேபர் என்ற ஜெர்மானியர் 1880களிலேயே இந்தத் தடத்தைப் பின்பற்றி வரைந்து வைத்தார். 1970களில் குந்தர் கார்பிரெக்ட் என்ற நீரியல் பொறியாளர் மறுபடி அளந்தார். குழாய் போன தடத்தில் மண்ணை எடுத்துச் சோதித்தபோது ஈயத்தின் அளவு சுற்றுப்புறத்தைவிட அதிகமாக இருந்தது. ஈயக்குழாய் என்ற முடிவு அப்படி வந்ததுதான்.

அந்தக் கற்கள் எதற்கு? உள்விட்டம் 20 சென்டிமீட்டர் என்று வைத்துக்கொண்டால், 19 கிலோ அழுத்தத்தில் குழாயின் குறுக்குப் பரப்பில் வருகிற தள்ளுவிசை சுமார் 6 டன். குழாய் எங்கெல்லாம் திரும்புகிறதோ அங்கெல்லாம் இந்த விசை அதை வெளியே உதைக்கும். கட்டிப் பிடிக்காவிட்டால் இணைப்பு பிடுங்கிக்கொண்டு போகும். நாங்கள் இன்றைக்கு வளைவுகளில் கான்கிரீட் த்ரஸ்ட் பிளாக் போடுவது அதற்காகத்தான். அவர்கள் கற்பலகை நட்டார்கள். விசையைப் புரிந்துகொண்ட ஒருவர் அந்த வேலையில் நின்றிருக்கிறார். அவர் பெயர் எங்கேயும் இல்லை. மன்னர் பெயர் மட்டும் இருக்கிறது.

தெற்குவாசல்:

ஐயா, மிக்க நன்றி. இரண்டு தரம் படித்தேன். தொட்டி கோட்டையைவிட உயரம் என்ற ஒரு விஷயம் தெரியாமல்தான் குழம்பிக்கொண்டிருந்தேன். இரண்டு கேள்விகள். நடுவில் மேடு இருக்கிறது என்றீர்களே, அங்கே காற்று அடைக்காதா? அப்புறம் ஈயக்குழாயில் குடிதண்ணீர் என்றால் விஷம் இல்லையா?

சைக்கிள்காரன்:

நானும் ஒன்று கேட்கிறேன். கற்கள் அப்படியே இருக்கும்போது குழாய் மட்டும் எங்கே போயிற்று?

பழைய ஏஇ:

காற்றைப் பற்றிக் கேட்டதில் சந்தோஷம், லைனில் நின்று வேலை செய்தவர்கள் முதலில் கேட்கிற கேள்வி அது. இன்றைக்கு மேட்டில் காற்றை வெளியேற்ற ஏர் வால்வு வைப்போம். அவர்கள் அங்கே என்ன வைத்தார்கள் என்பதற்கு அடையாளம் எதுவும் மிஞ்சவில்லை. ஆனால் ஆபத்து எப்போது வரும் என்பது பழைய காலத்திலேயே தெரிந்திருக்கிறது. ரோமப் பொறியாளர் விட்ருவியஸ் தன் கட்டடக்கலை நூலின் எட்டாவது புத்தகத்தில் இந்த மாதிரிக் குழாய்களைப் பற்றி எழுதும்போது, முதல் தடவை தண்ணீர் விடும்போது மெதுவாக, கொஞ்சம் கொஞ்சமாக விட வேண்டும், இல்லாவிட்டால் உள்ளே அடைபட்ட காற்று குழாயை உடைத்துவிடும் என்கிறார். வளைவுகளில் பாரம் வைத்துக் கட்ட வேண்டும் என்றும் சொல்கிறார். எங்கள் காலத்திலும் புது லைனை சார்ஜ் செய்யும்போது வால்வைக் கால் திருப்பு திருப்பிவிட்டு மணிக்கணக்கில் காத்திருப்போம். அவசரப்பட்டுத் திறந்து லைன் வெடித்ததை நேரில் பார்த்திருக்கிறேன், சத்தம் மறக்காது.

ஈயம் கெடுதல் என்பதும் விட்ருவியஸுக்குத் தெரியும். ஈயம் உருக்குகிறவர்களின் உடம்பு வெளுத்துப் போவதைச் சொல்லி, மண்குழாய்த் தண்ணீர்தான் நல்லது என்று எழுதியிருக்கிறார். பெர்கமனில் வழி முழுக்க மண்குழாய், கடைசி 3 கிலோமீட்டர் மட்டும் உலோகம். தண்ணீர் தேங்கி நிற்காமல் ஓடிக்கொண்டே இருந்தால் கலப்பு குறையும். சுண்ணாம்புச் சத்துள்ள தண்ணீராக இருந்தால் உள்ளே உப்புப் படிந்து ஈயத்தைத் தொடவிடாமல் மறைக்கவும் செய்யும். அதற்காக அதை நல்லது என்று நான் சொல்ல மாட்டேன். 19 கிலோவைத் தாங்க அவர்களுக்கு வேறு வழி இருக்கவில்லை.

குழாய் எங்கே போயிற்று என்றால், உருக்கத்தான் போயிருக்கும். 3 கிலோமீட்டர் நீளத்துக்கு அந்தப் பருமனில் ஈயம் என்றால் நூற்றுக்கணக்கான டன். மண்ணுக்குள் அவ்வளவு உலோகம் இருப்பது தெரிந்தால் எந்த நூற்றாண்டில்தான் விட்டு வைப்பார்கள்? சலவைக்கல்லுக்கே அந்தக் கதிதான். 1860களில் கார்ல் ஹூமன் அங்கே முதன்முதலாகப் போனபோது, பெர்கமன் சலவைக்கற்களைச் சூளையில் போட்டுச் சுண்ணாம்பாக எரித்துக்கொண்டிருந்தார்கள். அதைத் தடுக்கப் பாடுபட்டு, 1878இல் அகழாய்வைத் தொடங்கியவரும் அவர்தான். அவர் தொழில்முறைத் தொல்லியலாளர் இல்லை, ஒட்டோமான் அரசுக்குச் சாலை போட வந்த பொறியாளர். தோண்டிய பலிபீடச் சிற்பங்கள் பெர்லினுக்குப் போய்விட்டன, மலையில் அடித்தளப் படிகள் மட்டும் இருக்கின்றன. அவை துருக்கியிலேயே இருந்திருக்க வேண்டும் என்பது என் கட்சி. அது வேறு விவாதம், தனித் திரியில் பேசலாம்.

கல்வெட்டுப்பிரியை:

தாமதமாக வருகிறேன். ஏஇ சார் குழாயைப் பற்றிச் சொல்லிவிட்டார், வந்த தண்ணீரை நகரம் எப்படிப் பார்த்துக்கொண்டது என்பதையும் சொல்லியாக வேண்டும். அதற்கு நேரடிச் சாட்சி இருக்கிறது. கீழ்ச் சந்தைப் பகுதியில் கிடைத்த நீளமான கல்வெட்டு ஒன்று, அஸ்டினோமோய் என்கிற நகர அதிகாரிகளின் கடமைகளைச் சொல்கிறது. சட்டம் மன்னர் காலத்தது, கிடைத்த பிரதி ரோமர் காலத்தில் வெட்டியது.

தெருவின் அகலம், குப்பை, பொதுச்சுவர் பழுது என்று எல்லாமே அதில் வருகிறது. தண்ணீர்ப் பகுதிதான் எனக்குப் பிடித்தது. பொது நீரூற்றில் மாட்டுக்குத் தண்ணீர் காட்டக் கூடாது, துணி துவைக்கக் கூடாது, பாத்திரம் கழுவக் கூடாது. மீறினால் சுதந்திர மனிதருக்கு 50 திராக்மா (கிரேக்க வெள்ளிக்காசு) அபராதம், கையிலிருந்த பொருளும் பறிமுதல். அடிமைக்குச் சாட்டையடி. ஒரே குற்றத்துக்கு இரண்டு வகைத் தண்டனை. இதைப் படிக்கும்போது அந்த நீரூற்றுக்குக் குடம் தூக்கி வந்தவர்களில் எத்தனை பேர் அடிமைகள் என்று யோசிக்காமல் இருக்க முடிவதில்லை. அழகான நகரம் என்று மட்டும் சொல்லிவிட்டுப் போக எனக்கு மனம் வரவில்லை.

சைக்கிள்காரன் சொன்ன மழைநீர்த் தொட்டிகளும் அதில் வருகின்றன. வீடுகளில் இருக்கிற தொட்டிகளுக்கு அதிகாரிகள் பதிவு வைத்திருக்க வேண்டும். சொந்தக்காரர் கசியாமல் பார்த்துக்கொள்ள வேண்டும், மண் போட்டு மூடக் கூடாது. மூடினால் 100 திராக்மா, மறுபடி தோண்டிச் சுத்தமும் செய்ய வேண்டும். குழாய்த் தண்ணீர் வருகிறதே என்று பழைய தொட்டியைத் தூர்க்க நகரம் விடவில்லை. முற்றுகை வந்தால் எதிரி முதலில் தேடுவது வெளியே ஓடுகிற குழாயைத்தானே.

பழைய ஏஇ:

அம்மா, அந்த 100 திராக்மா விஷயம் எனக்குப் புதிது, அருமை. வெளியே 40 கிலோமீட்டர் லைன் ஓடுகிற ஊரில் உள்ளூர் ஆதாரத்தை விடவே கூடாது. புது லைன் வந்த வருஷமே ஊர்க்கிணற்றில் குப்பை கொட்ட ஆரம்பிப்பதை எத்தனையோ கிராமங்களில் பார்த்து, சொல்லிச் சொல்லி ஓய்ந்திருக்கிறேன். சட்டம் போட்டுக் கல்லில் வெட்டி வைத்த ஊர் அது.

சைக்கிள்காரன் தம்பி, உங்கள் தொட்டியும் என் குழாயும் ஒரே சட்டத்தின் கீழ் இருந்திருக்கின்றன, பார்த்தீர்களா.

சைக்கிள்காரன்:

ஒப்புக்கொள்கிறேன் சார். மண்ணில் ஈயம் என்ற இடத்தில்தான் நம்பிக்கை வந்தது. கடைசியாக ஒன்று. தெற்குவாசல் பார்த்த இடிந்த வளைவுகள் இந்தக் குழாயுடையதா?

பழைய ஏஇ:

இல்லை. கி.மு. 133இல் மூன்றாம் அட்டாலஸ் நாட்டையே ரோமுக்கு உயில் எழுதி வைத்துவிட்டுச் செத்தார். அதற்கு வெகுகாலத்துக்குப் பிறகு நகரம் மலையை விட்டுச் சமவெளிக்கு இறங்கிப் பரவியது. ரோமர்கள் தண்ணீரைக் கால்வாயில் கொண்டு வந்து, பள்ளங்களில் வளைவுப் பாலம் கட்டிக் கடத்தினார்கள். தெற்குவாசல் பார்த்தது அது. அவ்வழியில் அழுத்தமே கிடையாது, குழாய் வெடிக்கிற பயமும் கிடையாது. ஆனால் உச்சிக்கு ஏறவும் ஏறாது. கூட்டம் கீழே இருந்ததால் அவர்களுக்கு அது போதும்.

தெற்குவாசல்:

என்னோடு வேலை பார்க்கிற ஒருவர் அடுத்து அங்கே போகிறார். தடத்தைப் பார்க்க எங்கே நிற்கச் சொல்ல?

பழைய ஏஇ:

கேபிள் காரில் ஏறியதும் எல்லோரும் ட்ராஜன் கோயிலுக்கும் அரங்கத்துக்கும் திரும்புவார்கள். அவரை அதோடு நிறுத்திவிடாமல் வடக்கே, கோட்டையின் கடைசி முனை வரை நடக்கச் சொல்லுங்கள். ஆயுதக் கிடங்குகளின் அடித்தளம் இருக்கிற இடம் அது. அங்கே நின்று வடக்கே பார்த்தால் முதலில் கீழே பள்ளம், ரோமர் வளைவுகளின் மிச்சம், அதற்கப்பால் எதிர் மலை, பின்னால் மத்ரா மலைத்தொடர். எதிர் மலையிலிருந்து தான் நிற்கும் இடம் வரை கண்ணால் ஒரு கோடு போட்டுக்கொண்டால் ஈயக்குழாய் வந்த திசை பிடிபடும். வேலியைத் தாண்டிச் சரிவில் இறங்கிக் கல் தேட வேண்டாம் என்று கண்டிப்பாகச் சொல்லிவிடுங்கள். அந்தப் பக்கம் பாதை கிடையாது, பாறையும் சரளையும்தான். திரும்பும்போது நேரம் இருந்தால் கேபிள் காரை விட்டுவிட்டு உடற்பயிற்சிக்கூடம், டெமிட்டர் கோயில் வழியாகக் கீழ்ச் சந்தை வரை நடந்தே இறங்கலாம். கல்வெட்டுப்பிரியை சொன்ன சட்டம் கிடைத்த இடத்தையும் அப்படியே பார்த்த மாதிரி ஆகும்.